அரங்கன் மீண்ட வரலாறு

செல்வமும் நலமும் நிறைந்திருக்கும் நாளில் இறைவனைப் போற்றுதல் எளிது. இழப்பும் அச்சமும் சூழ்ந்த நாளில் அவனைப் போற்றி அவன்பால் நம்பிக்கை வைத்தல் அரிது. பிறந்த ஊரையும் குலதெய்வத்தின் கோயிலையும் விட்டு நெடுந்தொலைவில் வாழும் நமக்கு, தெய்வமே தன் ஊரைவிட்டு நெடுங்காலம் அலைந்து மீண்ட திருவரங்க வரலாறு பெரிதும் ஆறுதல் தருவதாகும்.

பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டிய அரசுரிமைப் போரால் தமிழகம் வலியிழந்திருந்தது. 1311-இல் மாலிக் காபூரின் படையெடுப்பு நிகழ்ந்தது. 1323-இல், பின்னாளில் முகம்மது பின் துக்ளக் எனப் பெயர் பெற்ற உலூக்கானின் படை தெற்கே வந்தது. மன்னர்தம் போர்களில் மக்களும் கோயில்களும் துயருறுதல் அக்காலத்து இயல்பு. பழம்பகையை வளர்ப்பதற்கன்று, அத்துயரை அடியார்கள் எங்ஙனம் தாங்கினர் என்பதை அறிவதற்கே ஈண்டு இதனை நினைவுகூர்கின்றோம்.

படை நெருங்கிய செய்தி கேட்டுத் திருவரங்கம் கலங்கியது. அப்பொழுது பிள்ளை லோகாசாரியர், நூறு வயதைக் கடந்த முதியவர் என்பது மரபு. ஸ்ரீவசன பூஷணம், முமுட்சுப்படி முதலிய நூல்களை இயற்றிய அப்பெரியார் கலங்கினாரல்லர். மூலவரின் திருமுன்பு கற்சுவர் எழுப்பி மறைக்கச் செய்தார்; உற்சவமூர்த்தியைப் பல்லக்கில் எழுந்தருளச் செய்து, சிறு கூட்டத்துடன் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். இறைவன் காப்பான் என்று நம்பியவர், தம்மால் இயன்ற காவலையும் செய்தார் என்பதை நாம் கருத வேண்டும்.

ஊரில் தங்கியவர்களுள் ஒருவர் வேதாந்த தேசிகர். இராமாநுசரின் ஸ்ரீபாஷ்யத்திற்குச் சுருதப்பிரகாசிகை என்னும் பேருரை கண்ட சுதர்சன சூரி, அவ்வுரைச் சுவடிகளையும் தம் இளம் புதல்வர் இருவரையும் அவரிடம் ஒப்படைத்து உயிர் நீத்தார். பிணங்களின் நடுவே மறைந்திருந்து, சுவடியையும் சிறுவரையும் காத்துக் கன்னட நாட்டுக்குச் சென்றார் தேசிகர் என்று குருபரம்பரை கூறுகின்றது.

தெற்கே சென்ற கூட்டத்தாரை வழியில் கள்வர் மறித்துப் பொருள்களைப் பறித்தனராம். எனினும் திருவாராதனம் தடைப்படவில்லை. மதுரையை அடுத்த சோதிஷ்குடியில் முதுமையும் வழிநடையும் லோகாசாரியரை வீழ்த்தின. இறுதிக் காலத்திலும் அவர் தம் இழப்பை எண்ணி வருந்தவில்லை. மதுரையில் அரசியல் பணியில் இருந்த திருமலையாழ்வாரை அழைத்துவந்து, திருவாய்மொழிப் பொருளை அவருக்கு உணர்த்துமாறு சீடர்களைப் பணித்தார். அத்திருமலையாழ்வாரே பின்னர்த் திருவாய்மொழிப் பிள்ளையாக விளங்கி, மணவாள மாமுனிகளுக்கு ஆசிரியரானார். அரங்கன் மீளும் நாளைக் காணாமலே லோகாசாரியர் மறைந்தார்; ஆயினும் அவர் காத்த கல்வி மறையவில்லை.

உற்சவமூர்த்தியோ மலையாள நாடு, மேல்கோட்டையாகிய திருநாராயணபுரம் முதலிய இடங்களில் தங்கி, இறுதியில் திருமலையை அடைந்தார். திருமலைக்குச் செல்லும் நம் குடும்பத்தார் அங்கே ரங்கநாயக மண்டபத்தைக் கண்டிருப்பர். அரங்கன் அகதியாய்த் தங்கி வழிபாடு பெற்ற இடம் அதுவே என்பர். எந்த ஊரில் தங்கினும், வசதி குறைந்திருப்பினும், அன்றாட வழிபாட்டை அடியார்கள் கைவிடவில்லை.

கன்னட நாட்டில் தங்கிய தேசிகர் அக்காலத்தே பாடிய வடமொழித் தோத்திரம் அபீதிஸ்தவம். அச்சமின்மையை வேண்டும் துதி என்பது அப்பெயரின் பொருள். அடியார்கள் திருவரங்கத்தில் அச்சம் நீங்கி வாழவேண்டும் என்று அவர் இறைஞ்சினார். கோயில் பாழ்பட்டுக் கிடந்த நாளில், மீட்சியின் அறிகுறி ஒன்றும் தோன்றாத வேளையில் எழுந்த துதி அது! நன்மை கிட்டிய பின்னர்ப் பாடுவது நன்றி. கிட்டுமுன்னர்ப் பாடுவதன்றோ நம்பிக்கை?

1336-இல் விசயநகர அரசு தோன்றியது. அவ்வரசின் இளவரசர் குமார கம்பணர் தெற்கே படை நடத்தி மதுரைச் சுல்தானை வென்றார். அவ்வெற்றியை அவர் மனைவி கங்காதேவியே மதுரா விசயம் என்னும் காப்பியமாகப் பாடினார். கம்பணரின் அதிகாரியான கோபணர், அரங்கனைத் திருமலையினின்றும் செஞ்சிக்குக் கொணர்ந்து, 1371-இல் திருவரங்கத்தில் மீண்டும் எழுந்தருளச் செய்தார். சக ஆண்டு 1293 என்று அந்நிகழ்ச்சியைக் குறிக்கும் கல்வெட்டு அக்கோயிலில் உள்ளது. இடையே கழிந்தவை 48 ஆண்டுகள்.

ஒரு தலைமுறையே மாறிவிட்டமையால், வந்தவர் பழைய அரங்கன்தானா என்று அறிவார் இலர். இடைக்காலத்தில் வேறொரு திருவுருவமும் அங்கே நிறுவப்பட்டிருந்தது. அப்பொழுது கண்பார்வையிழந்த முதிய வண்ணார் ஒருவர், இரு மூர்த்திகளின் திருமஞ்சன ஈரவாடை நீரையும் சுவைத்துப் பார்த்து, திரும்பி வந்தவரே ‘நம்பெருமாள்’ என்று மகிழ்ந்து கூறினாராம். அரங்கன் இன்றும் அப்பெயராலேயே வழங்கப்பெறுகின்றார். கற்றோரும் அறிய இயலாததைத் தொண்டுசெய்த முதியவர் அறிந்தார் என்று கோயில் மரபு போற்றுகின்றது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? இடர் வந்தபோது அவ்வடியார்கள் இறைவனை வினவிக்கொண்டு வாளா இருந்தாரல்லர். ஒருவர் சுவர் எழுப்பினார். ஒருவர் சுவடி காத்தார். பெயர் அறியாத பலர் பல்லக்கைச் சுமந்தனர். அனைவரும் இடைவிடாது துதித்தனர். பலர் பயனைக் காணவில்லை. அவர்தம் மக்கள் கண்டனர்.

வேலையிழப்பும் நோயும் பிரிவும் நம் இல்லங்களுக்கும் வருவனவே. அந்நாளிலும் மாலையில் விளக்கேற்றி, குழந்தைகளை அருகே அமர்த்தி, நம் மொழியில் ஒரு பாடலேனும் பாடும் வழக்கத்தை நாம் விடாதிருப்போமாக. ஊர் நமக்குத் தொலைவாயினும் இறைவன் தொலைவிலன். நம்பெருமாள் நம் சங்கத்து அன்பர் அனைவரையும் காத்தருள்க!