சில்லுக்கத்தியும் கால் அங்குலமும்

1979 ஆம் ஆண்டில் யப்பானின் ஒசாக்கா நகரைச் சேர்ந்த ஒரு நிறுவனம் சிறிய கத்தி ஒன்றைச் சந்தைக்கு அனுப்பியது. கைக்கு அடக்கமான ஒரு பிடி. அதன் முனையில் தானாகச் சுழலும் வட்டமான உருக்கு அலகு. பீட்சா வெட்டும் சில்லைப் பார்த்தவர்களுக்கு இதன் தோற்றத்தை மேலும் விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் இதனை றோட்டரி கட்டர் என்பர். இக்கட்டுரையில் சில்லுக்கத்தி என்று குறிப்பிடுகிறேன். உடை தைப்போரை மனதிற்கொண்டு செய்யப்பட்ட அக்கத்தி, பத்தே ஆண்டுகளுக்குள் அமெரிக்கப் பெண்களின் பழமையான கைவினை ஒன்றினைத் தலைகீழாக மாற்றியது. அக்கைவினையின் பெயர் குவில்ட்.

குவில்ட் என்பது மூன்று படைகளைக் கொண்ட போர்வை. மேலே துண்டுத் துணிகளை ஒன்றோடொன்று இணைத்துத் தைத்த முகப்பு, நடுவே பஞ்சு, கீழே ஒரு துணி. மூன்றையும் ஊடுருவிச் செல்லும் தையல் அவற்றை ஒன்றாகப் பிணைக்கும். இது மேலைநாட்டுக் குளிர்காலத்தின் தேவையில் வளர்ந்த கலை. ஆயினும் அதன் ஆரம்ப வரலாற்றில் எமது கடற்கரையின் பெயரும் உண்டு. சோழமண்டலக் கரையில் கையால் வரைந்து சாயமேற்றப்பட்ட பருத்தித் துணிகள் 17 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தைப் பித்துப்பிடிக்க வைத்தன. தமது கம்பளி, பட்டு நெசவாளரைக் காப்பதற்காக அந்நாட்டவர் 1700 இலும் 1721 இலும் அத்துணிகளுக்கு எதிராகச் சட்டங்கள் இயற்றினர். இங்கிலாந்தின் லெவன்ஸ் ஹோல் மாளிகையில் இருக்கும், 1708 ஆம் ஆண்டளவில் தைக்கப்பட்டதெனக் கருதப்படும் குவில்ட், இந்தியாவிலிருந்து சென்ற இத்தகைய துணித் துண்டுகளால் ஆனது. கிடைத்தற்கரிய துணி என்பதால் ஒரு சிறு துண்டையும் வீணாக்க எவருக்கும் மனம் வரவில்லை. பிற்காலத்தில் துணியிலுள்ள பூவையும் பறவையையும் தனித்தனியே கத்தரித்து வேறொரு துணியில் பதித்துத் தைக்கும் வழக்கமும் ஏற்பட்டது.

ஆகவே வெட்டுவது என்பது தொடக்கத்திலிருந்தே இக்கலையின் உயிர்நிலை. தைப்பதற்குப் பொறுமை போதும். வெட்டுவதற்கோ துல்லியம் வேண்டும். அந்தத் துல்லியத்தைப் பெற இங்கிலாந்துப் பெண்கள் கண்ட வழி காகிதம். வேண்டிய வடிவத்தில் காகிதத்தைக் கத்தரித்து, அதன் மேல் துணியை மடித்து நூலோட்டி, பின்னர் துண்டுகளை விளிம்போடு விளிம்பு வைத்துத் தைத்தனர். 1718 என்று ஆண்டு பொறிக்கப்பட்ட பட்டுத் துணிப் போர்வை ஒன்று அந்நாட்டில் பாதுகாக்கப்படுகிறது. அதன் உள்ளே அக்காகிதங்கள் இன்றும் இருக்கின்றன. பழைய கடிதங்களும் கணக்கேடுகளும் செய்தித்தாள்களும் இவ்வாறு பல போர்வைகளின் உள்ளே அகப்பட்டு, அவற்றின் காலத்தைக் கணிக்க ஆய்வாளருக்கு உதவியிருக்கின்றன. மறுநாளே பழசாகிவிடும் செய்தித்தாளுக்கு இப்படியும் ஒரு நீண்ட ஆயுள் வாய்த்ததை எண்ணிப் பத்திரிகைத் தொழிலில் இருப்போர் சற்று மகிழலாம்.

அமெரிக்காவில் காகிதத்தின் இடத்தை மட்டைகள் பிடித்தன. கடின அட்டையிலோ தகரத்திலோ வெட்டிய மாதிரி மட்டையைத் துணியின் மேல் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து, கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டுவது முறை. 1928 முதல் 1961 வரை ‘கன்சாஸ் சிட்டி ஸ்டார்’ என்ற பத்திரிகை குவில்ட் வடிவங்களைத் தொடர்ந்து வெளியிட்டது. கிராமத்துப் பெண்கள் அவற்றைக் கத்தரித்து அட்டையில் ஒட்டி மட்டையாக்கிக் கொண்டனர்.

இம்முறையிலுள்ள சங்கடத்தைச் சிறிய கணக்கொன்றால் விளக்கலாம். ஒரு போர்வையின் ஒரு வரிசையில் 16 சதுரங்கள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். பென்சில் கோட்டின் தடிப்பினால் ஒவ்வொரு சதுரமும் ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு பெரிதாகிவிட்டால், வரிசை முடியும்போது ஒரு முழு அங்குலம் கூடிவிடும். அடுத்த வரிசை அதே அளவு சிறிதாகிவிட்டால், இரு வரிசைகளுக்கும் இடையே இரண்டு அங்குல வேறுபாடு. அவற்றை இணைக்க எந்த ஊசியாலும் இயலாது. நூற்றுக்கணக்கான துண்டுகள் கொண்ட போர்வைக்கு நூற்றுக்கணக்கான முறை வரைந்து, நூற்றுக்கணக்கான முறை கத்தரிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கை தவறலாம். தவறாத கையைப் பெறுவதற்குப் பல ஆண்டுப் பயிற்சியோ, தாயிடமும் பாட்டியிடமும் கற்கும் வாய்ப்போ தேவைப்பட்டது.

இதற்கொரு மாற்றுவழி முன்னரே இருந்தது. புளோரிடாவின் செமினோல் பழங்குடிப் பெண்கள், கையால் சுழற்றும் தையல் இயந்திரம் தம்மிடம் வந்தபின், 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒரு நுட்பத்தைக் கையாண்டனர். பல நிறத் துணிகளை நீண்ட பட்டிகளாக்கி, அப்பட்டிகளை முதலில் இணைத்துத் தைத்தனர். பின்னர் அதனைக் குறுக்கே வெட்டி, துண்டுகளை இடம்மாற்றி மீண்டும் தைத்தனர். சிறு சதுரம் ஒவ்வொன்றையும் தனியே வெட்டும் தேவை ஒழிந்தது. 1970களில், நெப்ராஸ்காவின் விவசாயி ஏர்னஸ்ட் ஹெயிட், கலிபோர்னியாவின் பார்பரா ஜொஹானா, எலினோர் பேர்ன்ஸ் ஆகியோர் தமது நூல்கள் வாயிலாக இயந்திரத் தையலையும் விரைவு முறைகளையும் பரப்பினர். 1971 இல் நியூயோர்க்கின் விற்னி அருங்காட்சியகம் பழைய குவில்ட்களை நவீன ஓவியங்களைப்போல் சுவரில் தொங்கவிட்டமையும், 1976 இல் கொண்டாடப்பட்ட அமெரிக்க சுதந்திரத்தின் 200 ஆவது ஆண்டும் இக்கலைக்குப் புத்துயிர் அளித்திருந்த காலம் அது. ஆர்வம் இருந்தது, முறை இருந்தது, இயந்திரம் இருந்தது. நேரான பட்டியை விரைவாக வெட்டும் கருவி மட்டும் இருக்கவில்லை.

அக்கருவியைத் தந்த நிறுவனத்தின் பெயர் ஒல்ஃபா. அதன் பின்னணியில் இருந்தவர் யோஷியோ ஒகடா. ஒசாக்காவில் அச்சகத் தொழிலில் ஈடுபட்டிருந்த அவரைக் காகிதம் வெட்டும் அலகுகள் விரைவில் மழுங்கிப்போவது வருத்தியது. பழைய சப்பாத்துத் தொழிலாளர் கண்ணாடித் துண்டை உடைத்து அதன் புதிய விளிம்பைப் பயன்படுத்துவதையும், போருக்குப் பிந்திய நாட்களில் கண்ட சொக்கலேட் கட்டி கோடுகளின் வழியே உடைவதையும் அவர் இணைத்துச் சிந்தித்தார். அதன் விளைவாக 1956 இல், நுனி மழுங்கியதும் உடைத்தெறிந்துவிட்டுத் தொடரக்கூடிய கத்தி பிறந்தது. இன்று உலகின் அலுவலக மேசைகளில் எல்லாம் காணப்படும் கத்தி அதுவே. யப்பானிய மொழியில் ‘ஒரு’ என்பது உடைத்தலையும் ‘ஹா’ என்பது அலகையும் குறிக்கும். ஒல்ஃபா என்ற பெயர் இவ்விரண்டிலிருந்தும் அமைந்தது. இந்நிறுவனத்திலிருந்தே 1979 இல் சில்லுக்கத்தி வெளிவந்தது.

ஆனால் சில்லுக்கத்தி தனித்து எதனையும் சாதிக்கவில்லை என்பதை இங்கு அழுத்திக் கூற வேண்டும். மேசையில் வைத்து வெட்டினால் மேசை பழுதாகும், அலகும் மழுங்கும். வெறுங்கையால் ஓட்டினால் கோடு வளையும். வெட்டின் தடம் தெரியாமல் தானாக மூடிக்கொள்ளும் பிளாஸ்ரிக் பாயும், கோடுகள் பொறித்த தடித்த அக்ரிலிக் அடிமட்டமும் உடன் சேர்ந்தபோதே புரட்சி நிகழ்ந்தது. கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் அடிமட்டம் துணியையும் அளவையும் ஒரே பார்வையில் காட்டுகிறது. தடித்த விளிம்பு சில்லுக்கு மதிலாக நிற்கிறது. பென்சில் கோடு மறைந்தது. கோட்டோடு அதன் தடிப்பும், தடிப்போடு பிழையின் ஓர் ஊற்றும் மறைந்தன. நான்கு படைத் துணியை ஒரே இழுப்பில் வெட்டலாம் என்றாகியது.

இதனால் பிழையே ஒழிந்துவிட்டதா? அது இடம் மாறியது என்பதே சரி. முன்பு நூறு இடங்களில் சிறிது சிறிதாக நேர்ந்த பிழை, இப்போது ஒரே இடத்தில் குவிந்தது. அந்த இடம் முதல் வெட்டு. துணியை மடித்து வைத்து, மடிப்புக்குச் செங்கோணமாக அடிமட்டத்தை வைத்து, ஓரத்தைச் சீராக்குவதே முதல் வெட்டு. அந்தச் செங்கோணம் சற்றுப் பிசகினால், விரித்துப் பார்க்கும்போது பட்டி நேராக இராது. மடிப்பு இருந்த இடத்தில் வளைந்து, பறக்கும் பறவையின் சிறகுபோல் தோன்றும். முதல் வெட்டு பிழைத்தால் அதை ஆதாரமாகக் கொண்ட அடுத்த பத்துப் பட்டிகளும் பிழைக்கும். அதனாலேயே அனுபவசாலிகள் சில பட்டிகளுக்கு ஒருமுறை ஓரத்தை மீண்டும் செங்கோணமாக்கிக் கொள்கின்றனர். வேகம் தந்த கருவி தவறையும் வேகமாகவே பெருக்கக்கூடியது.

மட்டையை ஒழித்தமையால் கணக்கும் மாறியது. குவில்ட் தையலுக்குச் சுற்றிவர விடப்படும் ஓரம் கால் அங்குலம். சதுரமென்றால் கணக்கு எளிது: முடிவளவுடன் அரை அங்குலம் கூட்டினால் போதும். முக்கோணத்தில் அது பலிக்காது. கூரிய மூலைகளில் தையலோரம் நீண்டு செல்வதால், ஒரு சதுரத்தை மூலைவிட்டமாக இரண்டாக வெட்டுவதற்கு முடிவளவுடன் எட்டில் ஏழு அங்குலம் கூட்ட வேண்டும். கேத்திரகணிதப்படி சரியான விடை 0.8536 அங்குலம். அடிமட்டத்தில் அதற்கு அருகே உள்ள கோடு எட்டில் ஏழு, அதாவது 0.875. நான்காக வெட்டுவதற்கு ஒன்றேகால் அங்குலம். பாடசாலையில் கேத்திரகணிதத்தை வெறுத்தவர்கள்கூட இவ்வெண்களை மனப்பாடம் செய்துகொண்டனர். 1986 இல் ட்ரூடி ஹியூஸ் எழுதிய நூலின் தலைப்பே மட்டையில்லாக் குவில்ட் முறை என்ற பொருள் தருவது.

இம்மாற்றத்தின் சமூகப் பொருளை உணர அக்காலத்தை நினைவிற் கொள்ள வேண்டும். வீட்டுக்கு வெளியே ஊதியத்துக்கு வேலை செய்யும் அமெரிக்கப் பெண்களின் தொகை வேகமாக உயர்ந்த தசாப்தங்கள் அவை. மாலையில் இரண்டு மணித்தியாலமே தமக்கென்று மிஞ்சிய ஒரு பெண்ணுக்கு, மாதக்கணக்காகத் துண்டு வெட்டும் கலை எட்டாக்கனி. சில்லுக்கத்தி அவளுக்கு நேரத்தைக் கொடுத்தது. பாட்டியிடம் கற்காதவளும் வார இறுதியில் ஒரு முகப்பை முடிக்கலாம் என்றாகியது. அதே வேளையில், இது கைவினையா தொழிற்சாலை வேலையா என்று கேட்ட மூத்தோரும் இருந்தனர். கூரிய அலகினால் விரல் வெட்டுண்டவர்களும் உளர். வெட்டி முடித்தவுடன் அலகை மூடியால் மறைப்பது இக்கலை கற்போர்க்கு முதற் பாடம்.

மூத்தோரின் கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. துல்லியமே அழகின் அளவுகோலாகிவிட்டால் எதை இழப்போம் என்பதற்கு அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் கிராமம் சாட்சி. ஆற்று வளைவொன்றில் ஒதுங்கிக் கிடக்கும் அக்கிராமத்தில் வாழ்வோர் அடிமைகளாக இருந்தவர்களின் வழித்தோன்றல்கள். கறுப்பின மக்கள் வாக்குரிமை கோரத் தொடங்கிய காலத்தில், 1962 இல் அவர்களுடைய படகுச் சேவை நிறுத்தப்பட்டது. அது மீண்டும் தொடங்கியது 2006 இல்தான். அங்குள்ள பெண்கள் கிழிந்த வேலையுடைகளைக் கொண்டு, அடிமட்டமின்றிக் கண்மதிப்பால் வெட்டிப் போர்வை தைத்தனர். 1966 இல் அப்பகுதியில் அமைக்கப்பட்ட கூட்டுறவு அவர்களுக்கு வருமானம் தேடித்தந்தது. ஆனால் நகரத்துக் கடைகள் ஒரே அளவான, ஒரே மாதிரியான பொருட்களையே கேட்டன. கண்மதிப்பின் சுதந்திரத்துக்கு அங்கே இடமிருக்கவில்லை. கோணல்மாணலான அவர்களின் சொந்தப் போர்வைகளோ, 2002 இல் ஹூஸ்ரன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பின்னர் விற்னியிலும் காட்சிக்கு வைக்கப்பட்டு, அமெரிக்காவின் உயர்ந்த கலைப் படைப்புகளாகப் போற்றப்பட்டன. 2006 இல் தபால் முத்திரைகளிலும் இடம்பெற்றன.

நேரம் கிடைக்காதவளுக்கு நேரத்தையும், பயிற்சி கிடைக்காதவளுக்குத் துல்லியத்தையும் வழங்கியது என்பதே சில்லுக்கத்தியின் வரலாற்றுப் பங்கு. அது சிறிய கொடையன்று. எந்தத் துணியின் அருகே எந்தத் துணியை வைப்பது என்பதை மட்டும் எந்த அடிமட்டமும் சொல்லித் தருவதில்லை. அந்தத் தீர்மானம் 1708 இல் எவ்வாறு இருந்ததோ அவ்வாறே இன்றும் தைப்பவளின் கண்ணிடம் இருக்கிறது.