இசைமேதை எலிங்டனும் யேல் பல்கலைக்கழக விழாவும்

'ஜாஸ்' என்ற சொல்லைக் கேட்டதும் நம் பெரியோர் சிலர் முகஞ் சுளிப்பதை நாம் கண்டிருக்கின்றோம். களியாட்ட விடுதிகளிலே குடித்து ஆடுவோர்க்கு ஏற்ற கூச்சல் அது என்பது அன்னார் எண்ணம். அதே எண்ணம் அவ்விசை பிறந்த அமெரிக்க நாட்டின் கல்விமான்களிடத்தும் நெடுங்காலம் குடிகொண்டிருந்தது. அது தளர்ந்த வரலாற்றிலே 1972ஆம் ஆண்டு ஒக்டோபரில் யேல் பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற விழாவுக்குத் தனியிடம் உண்டு. விழாவின் நாயகர் டியூக் எலிங்டன்.

எட்வேர்ட் கென்னடி எலிங்டன் 1899 ஏப்பிரல் 29ஆந் திகதி வாஷிங்டன் நகரிலே பிறந்தார். உடையிலும் நடையிலும் இளமை தொட்டே காட்டிய மிடுக்கினால் தோழர்கள் அவரை 'டியூக்', அதாவது பிரபு, என்றழைத்தனர். 1927 டிசம்பரில் நியூ யோர்க்கின் ஹார்லம் பகுதியிலிருந்த 'கொட்டன் கிளப்'பிலே தம் வாத்தியக் குழுவுடன் அமர்ந்தார். மேடையில் வாசித்தோரும் ஆடியோரும் கறுப்பினத்தவர். இருந்து கேட்க அனுமதிக்கப்பட்டோர் வெள்ளையர். வானொலி மட்டும் அந்த வாசற்காவலுக்குக் கட்டுப்படவில்லை. அதன் வழியே எலிங்டனின் இசை நாடெங்கும் பரந்தது.

அவர் திறமையை விளங்கிக்கொள்ள ஒன்றை அறிதல் வேண்டும். மெட்டை இயற்றுதல் வேறு. இயற்றியதைப் பல வாத்தியங்களுக்கும் பகிர்ந்து வகுத்தல் வேறு. இவ்விரண்டும் எலிங்டனிடம் ஒன்றாயின. பழைய ஜாஸ் வழக்கிலே கிளரினெற் மேற்சுரங்களிலும் ட்ரொம்போன் கீழ்ச்சுரங்களிலும் ஒலிக்கும். 1930இல் வெளிவந்த 'மூட் இண்டிகோ'விலே அவர் இதைத் தலைகீழாக்கினார். ட்ரொம்போனின் வாயை அடைத்து மேலே ஏற்றினார். கிளரினெற்றைக் கீழே இறக்கினார். கேட்டோர்க்கு இது என்ன வாத்தியமோ என்ற மயக்கம் உண்டாயிற்று. அன்றியும், அவர் வாத்தியத்துக்கு எழுதினாரல்லர். வாசிக்கும் மனிதனுக்கு எழுதினார். இன்னாருடைய மூச்சு எத்தகையது, எந்தச் சுரத்தில் அவர் குரல் கனியும் என்றெல்லாம் அறிந்து எழுதினார். ஹரி கார்னி என்பவர் 1927இற் சேர்ந்து எலிங்டன் மறையும்வரை பிரியாதிருந்தார். 1939இல் வந்த பில்லி ஸ்ட்ரேஹோர்ன், எலிங்டனோடு சேர்ந்தே இயற்றும் துணைவரானார். இருவர் கைவண்ணத்தையும் பிரித்தறிதல் பலவிடத்து அரிது.

1965ஆம் ஆண்டு புலிற்சர் பரிசின் இசைத் தீர்ப்பாளர்கள் எலிங்டனுக்குச் சிறப்புப் பாராட்டு வழங்குமாறு பரிந்துரைத்தனர். பரிசுச் சபை மறுத்துவிட்டது. தீர்ப்பாளர் இருவர் பதவி துறந்தனர். அப்பொழுது எலிங்டனுக்கு வயது 66. இளம் வயதிலேயே தமக்கு அளவுக்கு மிஞ்சிய புகழ் வந்துவிடாமல் விதி காத்தது என்று நகைச்சுவையாகக் கூறிவிட்டு அவர் தம் வேலையைப் பார்த்தார். அந்த நகைப்பினுள்ளே இருந்த நோவை ஊகிப்பது கடினமன்று. 1967இல் யேல் அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் அளித்தது.

யேலில் ஆசிரியராயிருந்த வில்லி ரவ் என்னும் இசைஞரே 1972ஆம் ஆண்டு விழாவுக்கு முன்னின்றவர். கறுப்பின மக்களின் இசையைப் பல்கலைக்கழகத்திலே முறையாகக் கற்பிக்க வழிதேடுவதும் விழாவின் நோக்கமாகும். எண்பது வயதைக் கடந்த யூபி பிளேக், பியானோக் கலைஞர் மேரி லூ வில்லியம்ஸ், டிசி கிலெஸ்பி, சாள்ஸ் மிங்கஸ் எனப் பலர் வந்து குழுமினர். இவர்களை ஒரு முதுபெரும் கல்விக்கூடம் ஆசான்களென்று வரவேற்றது.

கிலெஸ்பியின் குழு வாசித்துக்கொண்டிருந்த வேளையிலே மண்டபத்திற் குண்டு வைக்கப்பட்டிருப்பதாக மிரட்டல் வந்தது. பொலிசார் சபையோரை வெளியேற்றினர். மிங்கஸ் மாத்திரம் அசையவில்லை. குண்டு வைத்தது இனவெறி. இவ்விசையைக் கொல்லும் வலிமை அதற்கில்லை. சாவதானால் வாசித்துக்கொண்டே சாவேன் என்ற கருத்திற் கூறிவிட்டுத் தம் டபிள் பேஸிலே எலிங்டன் இயற்றிய 'சொபிஸ்ரிகேற்றட் லேடி'யை வாசிக்கலானார். எலிங்டனோ கூட்டத்தோடு வெளியே நின்று, திறந்திருந்த கதவுகளின் வழியே வந்த தம் பாட்டைப் புன்முறுவலுடன் கேட்டார். குண்டு எதுவும் வெடிக்கவில்லை.

இதே மிங்கஸ் 1953இலே சில நாட்கள் எலிங்டன் குழுவில் வாசித்தவர். சக கலைஞர் ஒருவருடன் கைகலப்பு நேர்ந்தமையால் எலிங்டனாலேயே விலக்கப்பட்டவர். அந்த மனத்தாங்கல் அன்று எங்கே போயிற்றோ, நாமறியோம்!

நம் நாட்டுக்கும் இவர் அந்நியரல்லர். 1963இல் அமெரிக்க அரசாங்கத்தின் சார்பிலே ஆசிய நாடுகளுக்கு வந்த எலிங்டன் குழு இலங்கையிலும் வாசித்தது. கென்னடி கொலையுண்டமையால் அச்சுற்றுலா இடையில் நின்றது. அப்பயணத்தின் நினைவுகளே பின்பு 'ஃபார் ஈஸ்ட் சூட்' என்ற இசைத்தொகுதிக்கு வித்தாயின. நம் பெரியோருள் அன்று கேட்டவர் எவரேனும் இருப்பின், இளைஞர்க்குச் சொல்லுதல் வேண்டும்.

எலிங்டன் 1974 மே 24ஆந் திகதி காலமானார். 1965இல் மறுக்கப்பட்ட பாராட்டை, அவர் பிறந்து நூறாண்டு நிறைந்த 1999இலே புலிற்சர் சபை அறிவித்தது. வாங்குவதற்கு அவர் இருக்கவில்லை.