ஒரு ரேக், ஒரு மேசை, கொஞ்சம் சரித்திரம்

புனேவுக்கு மாற்றலாகி வந்து இரண்டு வருடம் ஆகிறது. வாடகைக்குப் பிடித்த கீழ்த்தள வீட்டோடு ஒரு கார் ஷெட்டும் சேர்ந்து வந்தது. நம்மிடம் கார் கிடையாது, ஸ்கூட்டர்தான். அது ஒரு மூலையில் நின்றால் போதும், மீதி இடம் சும்மாதான் கிடந்தது. "ஏதாவது உருப்படியா செய்யுங்களேன்" என்று தங்கமணி ஒருநாள் சொன்னதை அனுமதியாக எடுத்துக்கொண்டுவிட்டேன். இப்போது அங்கே ஒரு சின்னப் பட்டறை. ரம்பம், உளி, இழைப்புளி, டிரில் எல்லாம் வைக்க நாலு தட்டு ரேக் இரண்டு, மரத்தைப் பிடித்து அறுக்க மடக்கு மேசை ஒன்று. (பி.காம். படித்துவிட்டு ரம்பம் பிடிக்கிறான் என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.)

வங்கிக்காரனுக்கு மூன்று வருடத்துக்கு ஒரு ஊர். சுவரில் அடித்து நிறுத்தும் அலமாரியெல்லாம் வீட்டுக்காரருக்கு நாம் கொடுக்கும் தானம். அதனால் கழற்றி லாரியில் ஏற்றக்கூடியதாகத் தேடினேன். ரேக், ஜூனா பஜாரில் எடைக்கு வாங்கிய பழைய ஸ்லாட்டட் ஆங்கிள். மேசை, வொர்க்மேட் மாதிரியில் வந்த மடக்கு மேசை. வாங்கிய பிறகுதான் இரண்டுக்கும் பின்னால் ஆளுக்கொரு கதை இருப்பது தெரிந்தது. சரி, மேட்டருக்கு வருவோம்.

ஸ்லாட்டட் ஆங்கிள் உங்களுக்குத் தெரியாததல்ல. எல் வடிவத்தில் மடித்த தகடு, நீளம் முழுக்க ஓட்டைகள். மருந்துக்கடை குடோன், நூலகம், எங்கள் வங்கியின் ரெக்கார்டு ரூம் என்று எங்கே போனாலும் நிற்கும். இருபது வருடமாக அதில் வவுச்சர் கட்டுகளை அடுக்க வைத்திருக்கிறேன், யார் கண்டுபிடித்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

கண்டுபிடித்தவர் டெமெட்ரியஸ் கொமினோ. 1902-ல் சிட்னியில் ஒரு கிரேக்கக் குடும்பத்தில் பிறந்தவர். பொறியியல் படிக்க லண்டன் போனவர் அங்கேயே தங்கி, 1926-ல் ஒரு அச்சகம் தொடங்கினார். அச்சகத்தில் புது இயந்திரம் வந்தால் இடத்தை மாற்ற வேண்டும். இடம் மாறினால் மேசையும் ரேக்கும் மாற வேண்டும். ஒவ்வொரு முறையும் பழையதை உடைத்துப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்வதுதான் வழக்கம். உடைத்துப் போட்ட மரமும் இரும்பும் வீண்செலவாகவே மனிதரை உறுத்தியிருக்கின்றன.

அவர் கண்ட வழி எளிமையானது. ஒரே அளவில் கம்பிகளைச் செய், அதில் ஓட்டைகளை ஓர் ஒழுங்கில் போடு. எந்த இடத்தில் வெட்டினாலும், எந்தக் கோணத்தில் சேர்த்தாலும் ஒரு போல்ட் நுழைய வழி இருக்கும். துளை போட வேண்டாம், வெல்டிங் வேண்டாம், ஸ்பேனர் போதும். குழந்தைகளின் மெக்கானோ செட்டுக்குப் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். யோசனை வந்தது போருக்கு முன்பு; போர் முடிந்து 1947-ல்தான் டெக்ஸியான் என்ற பெயரில் தயாரிப்பு தொடங்கியது. என் ரேக்கில் துருவைச் சுரண்டி பெயின்ட் அடித்தபோது, பழைய போல்ட் உரசிய தடங்கள் நாலைந்து இடத்தில் தெரிந்தன. அது எங்கெங்கோ, வேறு வேறு உயரங்களில் நின்றிருக்கிறது. என்னைப்போல அதுவும் பல மாற்றல் கண்டது. :-)

அடுத்து மேசை. ரான் ஹிக்மன், 1932-ல் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். லண்டனுக்கு வந்து முதலில் ஃபோர்டு, பிறகு லோட்டஸ். 1962-ல் வெளிவந்த லோட்டஸ் எலான் என்ற பிரபலமான காரின் வடிவமைப்பாளர் இவர்தான். அதற்கு முந்தைய வருடம் வீட்டில் ஒரு துணி அலமாரி செய்துகொண்டிருந்தார். வேலை மேசை இல்லாததால் விலை உயர்ந்த ஒரு நாற்காலியின்மேல் பலகையை வைத்து அறுத்தார். பலகையோடு நாற்காலியும் சேர்ந்து அறுபட்டது. (அவர் வீட்டுத் தங்கமணி என்ன சொன்னாரோ!)

அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் மடக்கு மேசை. அதில் உள்ள சூட்சுமம், மேசையின் மேல்பலகையே வைஸாக வேலை செய்வது. இரண்டு நீளப் பலகைகள், இரு முனையிலும் தனித்தனிக் கைப்பிடி. ஒரு முனையை அதிகமாகவும் மறு முனையைக் குறைவாகவும் இறுக்கலாம் என்பதால் கோணலான மரத்தையும் பிடிக்கும். கீழ்ப்படியில் ஒரு காலை வைத்து அழுத்தினால் அறுக்கும்போது ஆடாது. வேலை முடிந்தால் மடித்துச் சுவரோரம் சாய்த்துவிடலாம்.

இதை எடுத்துக்கொண்டு ஹிக்மன் பெரிய கருவி நிறுவனங்களின் படி ஏறினார். ஒருவரும் எடுக்கவில்லை. நூற்றுக்கணக்கில் போகாது, டஜன் கணக்கில்தான் விற்கும் என்று ஒரு நிறுவனம் சொன்னது. பிளாக் அண்ட் டெக்கரும் மறுத்தது. மனிதர் தானே செய்து, 1968 முதல் தானே விற்றார். ஆட்கள் தேடி வாங்குவதைப் பார்த்தபின், 1972-ல் பிளாக் அண்ட் டெக்கர் மனம் மாறி ஒப்புக்கொண்டது. ஹிக்மன் 2011-ல் காலமானபோது உலகம் முழுக்கச் சுமார் 3 கோடி வொர்க்மேட் விற்றிருந்ததாகப் பத்திரிகைகள் எழுதின.

இதைப் படித்தபோது மறுத்த கம்பெனிகளைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம், அந்த நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

2008. வடக்கே ஒரு சின்ன ஊர்க் கிளையில் கடன் பிரிவில் இருந்தேன். ஒரு வெல்டர் வந்தார். தள்ளுவண்டியில் இஸ்திரி போடுபவர்களுக்காக மடக்கும் மேசை ஒன்று செய்திருந்தார். ராத்திரி மடித்து சைக்கிளில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம், வண்டியைத் தெருவில் பூட்டி வைக்க வேண்டியதில்லை. இயந்திரம் வாங்க 2 லட்சம் கேட்டார். விற்பனை மதிப்பீடு கேட்டேன். இதுவரை எத்தனை ஆர்டர் என்று கேட்டேன். "சாப், இல்லாத சாமானை யார் வந்து கேட்பாங்க?" என்றார். மேசை வெளியே இருக்கிறது, வந்து பாருங்கள் என்றும் சொன்னார். கவுன்டரில் கூட்டம், நான் எழுந்து போகவில்லை. 'சந்தைத் தேவை நிரூபிக்கப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த விண்ணப்பமும் ரெக்கார்டு ரூமில் கொமினோவின் ரேக்கில்தான் போய் உட்கார்ந்திருக்கும்.

நான் எழுதியது விதிப்படி சரி. ஹிக்மனை மறுத்தவர்களின் கணக்கும் அன்றைக்குச் சரியாகத்தான் இருந்திருக்கும். பி.காமில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, இருக்கும் தேவையை அளக்கும் முறை. ஆனால் நாற்காலியை அறுத்தவனுக்கும் ரேக்கை உடைத்துப் போட்டவனுக்கும் தெரிந்த தேவை எந்த லெட்ஜரிலும் ஏறியிருக்காது. கடன் கொடுத்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. எழுந்து போய் அந்த மேசையைப் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது புதுப் பொருளோடு யாராவது வந்தால், முதலில் பொருளைப் பார்த்துவிட்டுத்தான் தாளைப் புரட்டுகிறேன். பார்த்த பிறகும் மறுத்ததுண்டு. ஆனால் பார்க்காமல் மறுப்பதில்லை.

அடுத்த மாற்றல் உத்தரவு வரும்போது ரேக்கைக் கழற்ற எனக்கு அரை நாள் போதும். அந்த வெல்டரின் பெயர் மறந்துவிட்டது. அவர் செய்த மேசை எப்படி இருந்தது என்பதைச் சொல்லலாம் என்றால், அதை நான் பார்க்கவே இல்லை.