பேர்சிவல் பாதிரியாரும் ஆறுமுகநாவலரும்

வேற்று நாட்டாரோடு நட்புப் பூணுதலால் வரும் பயன் யாது என்று வினவுவார்க்கு, யாழ்ப்பாணத்தவராகிய யாம் நெடுந்தொலைவு சென்று விடை தேடவேண்டுவதில்லை. நல்லூரிற் பிறந்த ஆறுமுகநாவலருக்கும், இங்கிலாந்திலிருந்து வந்த பீற்றர் பேர்சிவல் பாதிரியாருக்கும் இருந்த தொடர்பே போதிய விடையாகும். ஆயினும் எம்மவர் இத்தொடர்பினைப் பேசும்போது ஒருவகைக் கூச்சத்தோடு பேசுதல் வழக்கம். சைவங் காத்த பெருமான் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றார் என்று சொல்ல நேர்ந்தால், எதிரியின் படைக்கலத்தை அறியும்பொருட்டே அங்ஙனஞ் செய்தார் என்று விரைந்து ஒரு சமாதானமுங் கூறிவிடுவர். அச்சமாதானம் முற்றும் பொய்யன்று; ஆனால் அது பாதி உண்மையே என்பது எமது கருத்து.

நாவலர் 1822 ஆம் ஆண்டு மார்கழித் திங்களிற் பிறந்தவர். திண்ணைப்பள்ளியிலும் தமிழ்ப் புலவர்களிடத்துங் கற்றபின், ஆங்கிலங் கற்கும்பொருட்டு யாழ்ப்பாணப் பட்டினத்து வெஸ்லியன் மிசன் பாடசாலையிற் சேர்ந்தார். பின்னாளில் மத்திய கல்லூரியென வழங்கும் அப்பாடசாலையை அந்நாளில் நடத்தியவர் பேர்சிவல். மாணவனாய்ப் புகுந்த ஆறுமுகம்பிள்ளை, இளமையிலேயே அங்கு ஆசிரியராயினார். ஆசிரியரானபின் பாதிரியார்க்கு உற்ற துணையுமாயினார். 1840 களிற் பேர்சிவல் விவிலியத்தைத் தமிழிற் செப்பஞ்செய்ய முற்பட்டபோது, அப்பணிக்கு அவர் தேர்ந்தெடுத்தது நெற்றியில் நீறணிந்த இந்தச் சைவ இளைஞரையே. கிறித்தவராய் மாறிய கற்றோர் பலர் அயலிலிருக்கவும் இவரை நாடினார் என்பது பாதிரியாரின் தமிழறிவுக்கு மட்டுமன்றி, அவரது மனவிரிவுக்குஞ் சான்றாகும்.

மொழிபெயர்ப்பென்பது இருவர் ஒரு மேசையில் இருந்து செய்யும்போது வேறொரு தன்மை பெறுகின்றது. மூலம் கூறுவது இதுவே என்று ஒருவர் வற்புறுத்துவார். அதனைத் தமிழர் அங்ஙனம் சொல்லார் என்று மற்றவர் மறுப்பார். ஒவ்வொரு வாக்கியமும் இவ்வழக்கினிடையே நின்று தேர்ச்சிபெறல் வேண்டும். செய்யுளிலே ஊறிய புலவர் ஒருவர்க்கு இதனினுஞ் சிறந்த உரைநடைப் பயிற்சி அக்காலத்திற் கிட்டியிராது. மொழிபெயர்ப்பு முற்றுப்பெற்றதும் இருவருஞ் சென்னைக்குச் சென்று, மழவை மகாலிங்கையரிடம் அதனைக் காட்டி அவரது பாராட்டைப் பெற்றனர் என்று நாவலரின் சரித்திரம் கூறும். 1847 ஆம் ஆண்டளவில் தொல்காப்பிய எழுத்ததிகாரத்தை முதன்முதல் அச்சேற்றியவர் இம்மகாலிங்கையரே. இவரது பெயரை வாசகர் நினைவிற் கொள்க.

அந்த 1847 ஆம் ஆண்டின் இறுதி நாளிலே, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுகம்பிள்ளை தமது முதலாவது சைவப் பிரசங்கத்தைச் செய்தார். வெள்ளிக்கிழமைதோறும் அது தொடர்ந்தது. மறுவருடம் பாடசாலையை விட்டு நீங்கும்வரை அவர் பேர்சிவலின் ஆசிரியராகவே இருந்தார். பகலில் மிசன் பாடசாலை, மாலையில் மிசன் கொள்கையை மறுக்கும் பிரசங்கம்! இக்காலத்து எந்த முகாமையாளர் இதனைப் பொறுப்பாரென எண்ணிப்பார்த்தல் தகும். இவர்கள் நட்பு ஒத்த கொள்கையின்மேற் கட்டப்பட்டதன்று. ஒருவர் மற்றவரின் புலமையை மெய்யாக மதித்தமையின்மேற் கட்டப்பட்டது.

இனி, அம்மொழிபெயர்ப்புக்கு நேர்ந்த கதி யாது? 1850 இல் வெளிவந்த அது தென்னிந்தியத் திருச்சபையினரால் விரும்பி ஏற்கப்படவில்லை. பின்வந்த பதிப்புக்கள் அதன் இடத்தைக் கொண்டன. எந்த வேலைக்காக இருவருங் கூடினரோ அந்த வேலை நிலைக்கவில்லை. நிலைத்தவை வேறு. 1848 இல் வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலை, வகுப்புமுறைப்படி மாணவரைப் பிரித்துக் கற்பித்தது. 1849 இல் சென்னையிலிருந்து அச்சியந்திரம் வந்தது. படிமுறையாக அமைந்த பாலபாடங்கள் எழுந்தன. நிறுத்தக் குறிகளோடு கூடிய தெளிந்த வசனத்திற் பெரியபுராணம் வெளிவந்தது. 1854 இல் எழுந்த சைவதூஷணபரிகாரத்திலே, யூதரின் ஆலயக் கிரியைகளை விவிலியத்தினின்றே எடுத்துக்காட்டிச் சைவக் கிரியைகளுக்கு அரண் செய்தார். மூலநூலைச் சொல்சொல்லாக உடனிருந்து ஆய்ந்தவரன்றிப் பிறரால் அவ்வாதத்தை அத்துணை உறுதியோடு நடத்துதல் இயலாது. இம்முறைகள் யாவும் பேர்சிவலிடமிருந்தே வந்தன என்று யாம் கூறுகின்றோமல்லோம். நாவலரின் ஆற்றல் நாவலருக்கே உரியது. பிறர் முறையை உள்ளிருந்து காணும் வாய்ப்பினை நட்பு நல்கியது.

பாதிரியாரும் வெறுங்கையோடு போகவில்லை. அவர் தொகுத்த தமிழ்ப் பழமொழிகள் முதலில் யாழ்ப்பாணத்தில் அச்சாகி, 1874 இல் ஆறாயிரத்துக்கு மேற்பட்டனவாய்ப் பெருகி வெளிவந்தன. யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கிய அவர் சென்னை மாநிலக் கல்லூரியிற் பேராசிரியராயினார். 1855 இல் தினவர்த்தமானி என்னும் பத்திரிகையையும் நடத்தினார்.

ஊரை விட்டு நீங்கியபின்னும் தொடர்பு நீங்காமையே நட்புக்கு உரைகல். மானிப்பாயில் தமிழிலே மருத்துவங் கற்பித்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், நாவலர் பிறந்த அதே ஆண்டிற் பிறந்தவர். 1873 இல் அவர் தாயகந் திரும்பியும், தம் மாணாக்கரோடு கடிதத் தொடர்பை விடாது, தமிழ் மருத்துவ நூல்களைச் செப்பஞ்செய்து வந்தார். பேர்சிவலும் யாழ்ப்பாணத்தை மறந்தாரல்லர். தமது பத்திரிகைக்கு ஆசிரியர் ஒருவர் வேண்டியபோது, அவர் இங்கிருந்தே ஓர் இளைஞரை வரவழைத்தார். சிறுப்பிட்டியிற் பிறந்து, வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்று, இளவயதிலே நீதிநெறிவிளக்கத்தைப் பதிப்பித்திருந்த தாமோதரம்பிள்ளையே அவர்.

அவ்வழைப்பு வந்திராவிடின் தாமோதரம்பிள்ளை கோப்பாயில் ஆசிரியராகவே அமைந்திருத்தல் கூடும். சென்னை சென்றமையால், 1857 இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவராயினார். மற்றவரும் யாழ்ப்பாணத்தவரே, தாமோதரம்பிள்ளைக்குச் செமினரியில் ஆசிரியராயிருந்த விசுவநாதபிள்ளை. ஏட்டுச் சுவடிகள் செல்லரித்து அழிவதைக் கண்டு தாமோதரம்பிள்ளை பதிப்புத் தொழிலில் இறங்கியதும் தமிழகத்திலேதான்.

மகாலிங்கையர் எழுத்ததிகாரத்தை அச்சிட்டு ஏறத்தாழ இருபதாண்டு கழிந்து, 1868 இல், தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையோடு சென்னையில் வெளிவந்தது. அதனைப் பதிப்பித்தவர் பேர்சிவல் அழைத்துச் சென்ற தாமோதரம்பிள்ளை. பரிசோதித்துக் கொடுத்தவர், பேர்சிவலின் மேசையில் ஒருகாலத்தில் உடனிருந்து சொல் தேர்ந்த ஆறுமுகநாவலர்.