கவாத்துக் கத்தியும் கொழுந்துக் கூடையும்

தேயிலை இயல்பில் ஒரு மரம். வெட்டாது விட்டால் இரண்டாள் உயரத்தையும் கடந்து வளரும், வெண்ணிறப் பூப் பூக்கும், காய்க்கும். அதனை இடுப்பளவுச் செடியாக நிறுத்தி வைத்திருப்பது மனிதனின் கை. வண்டிப்பெரியாரைச் சூழ்ந்த மலைகளில் அந்தக் கை பெரும்பாலும் தமிழரின் கை.

பீர்மேட்டு மலைகள் திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்த காலத்தில், ஜே. டி. மன்றோ முதலிய ஐரோப்பியர் அங்கே முதலில் பயிரிட்டது காப்பியே. 1869இல் இலங்கையில் காணப்பட்ட இலைத்துரு நோய் தென்னிந்தியத் தோட்டங்களுக்கும் பரவிற்று. காப்பி பட்டுப்போன சரிவுகளில் தேயிலை ஏறியது. காப்பிக்கு அறுவடைப் பருவம் ஒன்று உண்டு. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். ஆகவே கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் அதற்கப்பாலுள்ள வறண்ட சீமைகளிலிருந்தும் மக்கள் குமுளி வழியாக மலையேறினர். 1895இல் முல்லைப்பெரியாறு அணையின் நீர் கிழக்கே இறங்கத் தொடங்கிற்று. நீர் இறங்கிய அதே மலையில் மக்கள் மேற்கே ஏறினர். கங்காணி கொடுத்த முன்பணம் பலருக்குத் தீராக் கடனாயிற்று. லயத்து அறையே வீடாயிற்று.

அவர்கள் கற்ற கலை எளிதன்று. தேயிலைக்குப் புளிப்புத் தன்மையுள்ள மண் வேண்டும். மழை மிகுதியாக வேண்டும். ஆனால் வேரில் நீர் தேங்கலாகாது. ஆகவே சரிவுகளில் குறுக்கே வடிகால் வெட்டினர். நிழலுக்குச் சில்வர் ஓக் மரம் நட்டனர். நாற்று நட்டுச் சில ஆண்டுகள் காத்த பின்னரே கொழுந்து கிடைக்கும். ஒரு மொட்டும் இரண்டு இலையுமாகப் பெண்கள் கிள்ளிக் கூடையில் சேர்ப்பார்கள். கிள்ளக் கிள்ளச் செடியின் தலை மேசைபோல் மட்டமாகும்.

நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து. இது ஆண்களின் வேலை. வேரில் மாவுச்சத்துப் போதிய அளவு சேர்ந்திருக்கும் பருவம் பார்த்தே வெட்டவேண்டும். அது குறைந்திருக்கையில் வெட்டினால் செடி துளிர்க்காமலே மடியக்கூடும். வெட்டுவாய் பிளவுபடாமல் சாய்வாக அமைய வேண்டும். மொட்டையான கிளைகள் வெயிலில் வெந்துவிடாதபடி தழைகளால் மூடுவதும் உண்டு. 1946இல் கொப்புள நோய் தென்னிந்தியாவுக்கு வந்தபோது செப்பு மருந்து தெளிக்கும் வேலையும் இவற்றுடன் சேர்ந்தது.

செடிக்கு இவ்வளவு பேணுதல் இருந்தது. பேணியவருக்கோ? வீடு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் ஆகியவை தோட்ட உரிமையாளரின் கடமை என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே வரையறுத்தது. 1956இல் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது பீர்மேடு கேரளத்தில் அமைந்தது. அதனால், பிறந்த மண்ணிலேயே வாழ்ந்துவந்த பலர் வேற்று மாநிலத்துத் தமிழர் என்று எண்ணப்படலாயினர்.

2000ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை வீழ்ந்தபோது பீர்மேட்டில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. கூலி நின்றது. லயத்தை விட்டுச் செல்ல இடமில்லாதோர் தாமே கொழுந்து கிள்ளி விற்று நாளைக் கழித்தனர். வேறு பலர் பிழைப்புத் தேடி மலையிறங்கினர். கத்தி படாத இடங்களில் செடிகள் மீண்டும் மரங்களாக உயர்ந்தன. தோட்டம் என்பது நிலமன்று, நாள்தோறும் நிகழ்ந்த உழைப்பே என்பதை அந்த மரங்கள் காட்டின.

மரமாகிவிட்ட தேயிலையையும் தாழ வெட்டி மீட்கலாம். வேர் நலமாயிருந்தால் ஓரிரு மாதங்களில் துளிர் காணும். பிற மாநிலங்களில் வாழும் அன்பர்களே, நீங்கள் பருகும் தேநீரில் சூட்டையும் சுவையையும் மட்டும் காணாதீர்கள். உங்களைப் போலவே ஊர் விட்டு வந்து, மூன்று நான்கு தலைமுறையாக ஒரு மரத்தைச் செடியாகக் காத்த மக்களின் வரலாறும் அதில் கலந்திருக்கிறது. செடியை மீட்கும் வழி நமக்குத் தெரியும். அதனைப் பேணியவர் வேரூன்றி வாழவும் வழி காண்பதே இனி எஞ்சியுள்ள கடமை.