வாத்தியாருக்கும் பாதிரியாருக்கும் திறந்திருந்த கதவு



சென்ற மாத உரையில் அமெரிக்கக் குடிவரவுச் சட்டங்களைப் பற்றிக் கொஞ்சம் கதைத்திருந்தேன். நிகழ்ச்சி முடியுமுன்பே தொலைபேசி மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. கேள்விகள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். மகள் இங்கே கலாநிதிப் பட்டம் முடித்துவிட்டாள், பொஸ்டனில் ஆராய்ச்சி இடம் கிடைத்திருக்கிறது, ஜே-1 வீசாவில் வரச் சொல்கிறார்கள், எச்-1பி கேட்கலாமா, பிறகு அங்கேயே இருக்கலாமா? நான் கணக்காளன், சட்டத்தரணி அல்ல. ஆனால் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும்போது முதலில் பழைய மீதியைப் பார்ப்பது எங்கள் தொழில் பழக்கம். இந்த வீசாக்களின் பழைய மீதி எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1917 ஆம் ஆண்டு அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு குடிவரவுச் சட்டம் இயற்றியது. வரைபடத்தில் கோடு கிழித்து, ஆசியாவின் பெரும்பகுதியை “தடை செய்யப்பட்ட வலயம்” ஆக்கியது. இந்தியாவும் இலங்கையும் அந்தக் கோட்டுக்குள் அகப்பட்டன. கூலி வேலைக்குப் போகிறவனுக்கு இடமில்லை. ஆனால் சிலருக்கு விலக்கு இருந்தது: மதபோதகர், சட்டத்தரணி, வைத்தியர், இரசாயனவியலாளர், சிவில் எஞ்சினியர், ஆசிரியர், மாணவர், எழுத்தாளர், கலைஞர், வியாபாரி, உல்லாசப் பயணி. கணக்காளர் அந்தப் பட்டியலில் இருக்கிறாரா என்று நான் இரண்டு முறை தேடிப் பார்த்தேன். இல்லை!

அதன் பிறகு 1923 பெப்ரவரியில் அமெரிக்க உயர் நீதிமன்றம் பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியரின் வழக்கில் தீர்ப்பளித்தது. அவர் முதலாம் உலகப் போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர். பிரஜாவுரிமை “சுதந்திரமான வெள்ளையருக்கு” என்று சட்டம் சொல்கிறது, சாதாரண மனிதர் பேச்சில் இந்தியர் வெள்ளையர் அல்லர், ஆகவே பிரஜாவுரிமை இல்லை என்றது நீதிமன்றம். அடுத்த ஆண்டே, 1924 இல், இன்னொரு சட்டம் வந்தது. பிரஜையாகத் தகுதி இல்லாதவர் நிரந்தரக் குடிவரவாளராக உள்ளே வரவும் கூடாது என்பது அதன் சாரம். 1917 பட்டியலில் இருந்த நீண்ட விலக்கும் சுருங்கிப்போனது. தற்காலிக விருந்தினரையும் வர்த்தகரையும் விட்டால் மிஞ்சியது மாணவரும், மதபோதகரும், பேராசிரியரும்தான். மதபோதகருக்கும் பேராசிரியருக்கும் கூட ஒரு நிபந்தனை: விண்ணப்பிப்பதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளும் இடைவிடாமல் அதே தொழிலைச் செய்திருக்க வேண்டும்.

நாட்டை இழுத்துப் பூட்டிவிட்டு வாத்தியாருக்கும் பாதிரியாருக்கும் மட்டும் ஒரு சின்னக் கதவைத் திறந்து வைத்த சட்டம் இது. எங்கள் யாழ்ப்பாணத்தவருக்கு இதில் ஒரு வேடிக்கை தெரியும். அமெரிக்கப் பாதிரிமார் 1816 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து பள்ளிக்கூடங்கள் நடத்தினார்கள். 1820 இல் அவர்களுடைய அச்சகத்தை நடத்த ஜேம்ஸ் கரெற் என்ற அச்சாளர் வந்து இறங்கினார். அப்போது ஆளுநர் பொறுப்பில் இருந்த எட்வேர்ட் பார்ன்ஸ் அவருக்கு இருக்க அனுமதி கொடுக்கவில்லை. மூன்று மாதத்துக்குள் வெளியேறு என்று உத்தரவு. கரெற் பம்பாய்க்குப் போய்விட்டார், அவர் கொண்டுவந்த அச்சு இயந்திரம் நல்லூரில் ஆங்கில மிஷனாரிடம் போனது. புதிய அமெரிக்க மிஷனரிமார் வரக்கூடாது என்ற தடை 1833 வரை நீடித்தது. ஆக, அமெரிக்கருக்கு யாழ்ப்பாணத்தில் “வீசா” மறுக்கப்பட்டது, எங்களுக்கு அமெரிக்காவில் மறுக்கப்படுவதற்கு ஒரு நூறு ஆண்டு முந்தி.

இந்த 1924 சட்டம் அமுலில் இருந்த காலத்தில்தான் சுப்பிரமணியன் சந்திரசேகர் அமெரிக்காவுக்குப் போனார். 1910 ஒக்டோபர் 19 இல் லாகூரில் பிறந்த தமிழர். தகப்பனார் சி. சுப்பிரமணிய ஐயர் இந்தியக் கணக்காய்வுத் துறையில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். அந்த உத்தியோகத்தின் பொருட்டே குடும்பம் லாகூரில் இருந்தது. (எங்கள் தொழிலுக்கு இவ்வளவாவது பெருமை கிடைக்கட்டும்.) தாயார் சீதாலட்சுமி இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்தவர். சிற்றப்பா சேர் சி. வி. இராமன். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்று, 1930 இல் கேம்பிறிட்ஜுக்குக் கப்பல் ஏறினார். 1933 இல் ட்ரினிற்றிக் கல்லூரியின் ஆய்வாளர் பதவியும் கிடைத்தது.

பிறகு நடந்தது நாங்கள் இருக்கும் இதே லண்டனில். மனோர் பார்க்கில் எலிசபெத் லைன் ஏறி பொண்ட் ஸ்ற்றீற்றில் இறங்கி நடந்தால் பிக்கடிலியில் பேர்லிங்டன் ஹவுஸ் வரும். வானியல் கழகத்தின் இடம் அது. 1935 ஜனவரி 11 அன்று அந்தக் கழகத்தின் கூட்டத்தில் இருபத்து நான்கு வயதுச் சந்திரசேகர் தன் கணக்கை வாசித்தார். எரிந்து முடிந்த நட்சத்திரம் ஒன்று சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் நிறை கொண்டிருந்தால் அது வெள்ளைக் குள்ளனாக அடங்கி நிற்காது, மேலும் சுருங்கிக்கொண்டே போகும் என்பது முடிவு. அவருக்குப் பின் பேச எழுந்தவர் அந்நாளின் பெரிய பெயரான ஆர்தர் எடிங்டன். சபை சிரிக்கும்படி அந்த முடிவைக் கேலி செய்து உட்கார்ந்தார். கணக்கில் பிழை என்று காட்டவில்லை, இயற்கை அப்படி நடக்க விடாது என்றார். எடிங்டனை எதிர்த்து வெளிப்படையாகப் பேச இங்கே யாரும் முன்வரவில்லை. இங்கிலாந்தில் தனக்கு நிலையான இடம் கிடைக்காது என்று சந்திரசேகருக்கு விளங்கிவிட்டது.

அதே ஆண்டு முடிவில் ஹார்வர்ட் வானாய்வகத்தின் ஹார்லோ ஷேப்லி அழைத்து, சில மாதங்கள் விரிவுரையாளராக அங்கே போய்வந்தார். அந்தப் பயணத்தில்தான் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் யேர்க்ஸ் வானாய்வகத்துக்குத் தலைவராக இருந்த ஒட்டோ ஸ்ற்றூவ அவரைக் கேட்டார். ஸ்ற்றூவவே ரஷ்யாவிலிருந்து அகதியாக வந்தவர். 1936 இல் லலிதாவைத் திருமணம் செய்துகொண்டு, 1937 ஜனவரியில் விஸ்கொன்சின் மாநிலத்தில் இருந்த யேர்க்ஸில் சேர்ந்தார். லலிதாவும் மாநிலக் கல்லூரியில் பௌதிகம் படித்தவர். ஆனால் அந்தச் சட்டத்தின் விலக்கில் அவரைப் போன்ற பெண்களுக்குப் “பேராசிரியரின் மனைவி” என்ற பெயர்தான். இன்று ஜே-2, எச்-4 என்று நாங்கள் சொல்லும் துணைவர் வீசாக்களின் மூதாதை இதுவே.

கையில் பிரித்தானியக் கடவுச்சீட்டு, இங்கிலாந்தின் முதல்தரப் பட்டம், பல்கலைக்கழகத்தின் அழைப்பு எல்லாம் இருந்தும், அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் அவர் “பிரஜையாகத் தகுதி இல்லாதவர்”. சிக்காகோ வளாகத்தில் அவர் பாடம் நடத்துவதற்கு, நிறத்தைக் காரணமாக வைத்து, விஞ்ஞானப் பீடாதிபதி மறுப்புச் சொன்னார். பல்கலைக்கழகத் தலைவர் ரொபேர்ட் ஹட்சின்ஸ் தலையிட்டு, பாடம் நடத்தட்டும் என்றார். போர்க்காலத்தில் மேரிலண்டில் இருந்த இராணுவ எறிகணை ஆய்வுக்கூடத்தில் சந்திரசேகர் வேலை செய்தார். ஒப்பன்ஹைமர் லொஸ் அலமொசுக்கும் கூப்பிட்டார். பாதுகாப்பு அனுமதி வரத் தாமதமாகியதால் போகவில்லை. தாமதம் என்ற இந்த நோய் இன்றும் ஆராய்ச்சியாளரை விட்டபாடில்லை.

1946 ஜூலை 2 இல் ஜனாதிபதி ட்ரூமன் லூஸ்-செல்லர் சட்டத்தில் கையெழுத்திட்டார். இந்தியருக்குப் பிரஜாவுரிமை உண்டு, ஆண்டுக்கு 100 பேர் குடியேறலாம். நாற்பது கோடி மக்களுக்கு நூறு இடம்! மாணவராகச் சென்னையிலிருந்து 1923 இல் ஹார்வர்டுக்குப் போய், போலிக் அமிலம் முதலிய பெரிய மருந்து ஆராய்ச்சிகளை நடத்திய எல்லாப்பிரகத சுப்பாராவ், கதவு திறந்த பின்னும் பிரஜையாகாமலே 1948 இல் காலமானார். சந்திரசேகரும் லலிதாவும் 1953 இல் பிரஜையானார்கள். தகப்பனாருக்கு அது பெரும் மனவருத்தம். சுதந்திரம் கிடைத்த பிறகு மகன் நாட்டை விட்டுக்கொடுத்துவிட்டான் என்ற எண்ணம். எங்கள் வீடுகளில் இந்த வருத்தத்தை அறியாதவர் யார்?

1952 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இலங்கைக்கும் நூறு இடம் வந்தது. ஆனால் அதில் ஒரு குள்ள வேலை இருந்தது. ஐரோப்பியரை அவர் பிறந்த நாட்டின் கணக்கில் எழுதினார்கள். ஆசிய வம்சாவளியினரை மட்டும், எங்கே பிறந்திருந்தாலும், வம்சத்தின் கணக்கில் எழுதினார்கள். மனோர் பார்க்கில் பிறந்த தமிழ்ப் பிள்ளை இங்கிலாந்தின் பெரிய கோட்டாவில் வராது, இந்தியாவின் அல்லது இலங்கையின் நூறில்தான் வரும். இந்த அநியாயம் 1965 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒழிந்தது.

அதே 1952 சட்டத்தில்தான் எச்-1 பிறந்தது: தனிச்சிறப்பும் திறமையும் உள்ளவர் தற்காலிக வேலைக்கு வரலாம். 1990 இல் அதை மாற்றி எச்-1பி ஆக்கி, ஆண்டுக்கு 65,000 என்று எல்லை வைத்தார்கள். 2000 ஆம் ஆண்டில் பல்கலைக்கழகங்களுக்கும் இலாப நோக்கற்ற ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் அந்த எல்லையிலிருந்து விலக்குக் கிடைத்தது. ஆகவே ஆராய்ச்சிக்குப் போகும் பிள்ளைகள் கம்பனிகளுக்குப் போகிறவர்களைப் போலக் குலுக்கலில் நிற்க வேண்டியதில்லை. 2025 செப்ரெம்பரில் ஜனாதிபதி ட்ரம்ப் வெளிநாட்டில் இருப்பவருக்கான புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு 1,00,000 டொலர் கட்டணம் என்று பிரகடனம் செய்தார். ஒரு இளம் ஆராய்ச்சியாளரின் ஆண்டுச் சம்பளத்தைவிட அது கூட. எந்தப் பல்கலைக்கழகக் கணக்குப் பிரிவும் அந்த வவுச்சரில் இலேசாகக் கையெழுத்து வைக்காது.

ஜே வீசாவின் கதை வேறு. போர் முடிந்தபோது அமெரிக்கா வெளிநாடுகளில் விட்டுவந்த உபரிச் சாமான்களை அந்தந்த நாட்டு நாணயத்தில் விற்றது. டொலராக மாற்றமுடியாத காசு. அதைப் படிப்புப் பரிமாற்றத்துக்குச் செலவழிக்கலாம் என்று செனற்றர் புல்பிறைட் கொண்டுவந்த சட்டம் 1946 ஓகஸ்ட் 1 இல் நிறைவேறியது. இவ்வளவு அழகான கணக்குப் பதிவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இந்தியாவுடன் 1950 இலும் இலங்கையுடன் 1952 இலும் உடன்படிக்கை. ஆனால் பரிமாற்றம் என்றால் போனவர் திரும்ப வேண்டும். வந்தவர்கள் அங்கேயே தங்கத் தொடங்கியதும், 1956 இல், சொந்த நாட்டில் இரண்டு ஆண்டு இருந்த பிறகே குடிவரவு கேட்கலாம் என்று விதித்தார்கள். 1961 இல் அது ஜே என்ற எழுத்தைப் பெற்றது.

திரும்பியவர்களால் நாட்டுக்கு என்ன வந்தது என்றால், அல்லாடி இராமகிருஷ்ணனைச் சொல்லலாம். 1957-58 இல் பிறின்ஸ்ரனில் இருந்துவிட்டு மயிலாப்பூர் வீட்டுக்குத் திரும்பி, அந்த வீட்டிலேயே மாணவரைச் சேர்த்துக் கருத்தரங்கு நடத்தினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் சென்னையின் கணித அறிவியல் நிறுவனம். 1962 ஜனவரி 3 இல் நடந்த அதன் தொடக்க விழாவுக்குச் சந்திரசேகரும் வந்திருந்தார். ஒருவர் போய்த் தங்கியவர், மற்றவர் போய்த் திரும்பியவர். யார் சரி என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை, இரண்டு பேரையும் எனக்குப் பிடிக்கும்.

இனி நீங்கள் கேட்ட கேள்விக்கு. ஜே-1 இல் ஆராய்ச்சியாளர் ஐந்து ஆண்டு வரை இருக்கலாம். இரண்டு ஆண்டு விதி எல்லாருக்கும் பொருந்தாது. அமெரிக்க அரசோ சொந்த நாட்டு அரசோ பணம் கொடுத்தால் பொருந்தும், வைத்தியப் பயிற்சிக்குப் போனால் பொருந்தும், தேவைப்படும் துறைகள் பட்டியலில் உங்கள் நாடும் துறையும் இருந்தால் பொருந்தும். 2024 டிசம்பரில் அந்தப் பட்டியலிலிருந்து இந்தியாவையும் இலங்கையையும் எடுத்துவிட்டார்கள். பிள்ளையின் டி.எஸ்-2019 படிவத்தில் இதைப் பற்றிய குறிப்பு இருக்கும். சம்பளத்தைப் பார்க்குமுன் அதைப் பாருங்கள். அந்த விதி விழுந்தால், அதை நிறைவேற்றும் வரை, அல்லது விலக்குப் பெறும் வரை, எச்-1பியும் இல்லை, கிறீன் காட்டும் இல்லை.

கிறீன் காட் வரிசை கடவுச்சீட்டைப் பார்ப்பதில்லை, பிறந்த இடத்தைப் பார்க்கிறது. ஒரு நாட்டுக்கு மொத்தத்தில் 7 சதவீதம் என்ற எல்லை இருப்பதால் இந்தியாவில் பிறந்தவரின் வரிசை மிக நீளம். சென்னையில் பிறந்து இங்கே பிரித்தானியக் கடவுச்சீட்டு எடுத்தவர் அந்த நீள வரிசையில்தான் நிற்பார். இங்கே நியூஹாம் ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளை பிரித்தானியாவின் வரிசையில் நிற்கும். கணவன் சென்னையிலும் மனைவி யாழ்ப்பாணத்திலும் பிறந்தவர்கள் என்றால், மனைவியின் நாட்டுக் கணக்கில் இருவரும் கேட்கலாம். பலர் இதை அறியாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். சந்திரசேகர் இன்று விண்ணப்பித்தால், லாகூரில் பிறந்தவர் என்பதால் அவரைப் பாகிஸ்தான் கணக்கில்தான் எழுதுவார்கள். அந்த வரிசை இந்தியாவுடையதை விடக் கட்டை.