0.7 விழுக்காடும் குழந்தைகளும்: ஐ.நா. தீர்மானம் 2626, பத்தி 43

1970 அக்டோபர் 24 அன்று ஐ.நா. பொதுப்பேரவை நிறைவேற்றிய 2626ஆம் தீர்மானத்தின் 43ஆம் பத்தி, வளர்ந்த நாடுகள் தம் மொத்தத் தேசிய உற்பத்தியில் 0.7 விழுக்காட்டை அரசு வளர்ச்சி உதவியாக வழங்க, அப்பத்தாண்டின் நடுப்பகுதிக்குள் இயன்றவரை முயல வேண்டும் என்கிறது. இந்த இலக்கைக் கைவிடலாம் என்போர் இரு காரணங்கள் கூறுகின்றனர். 'இயன்றவரை முயல்வது' வாக்குறுதி ஆகாது என்பது ஒன்று. இந்த எண் 1960களின் மூலதனப் பற்றாக்குறைக் கணக்கில் பிறந்தது, அதே கணக்கை இன்று போட்டால் மிகச் சிறிய தொகையே வரும் என்பது மற்றொன்று.

முதற்காரணம் 1970ஐப் பொறுத்தவரை சரி. அமெரிக்கா இந்த இலக்கை ஏற்கவேயில்லை. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் பழைய 15 உறுப்பு நாடுகள் 2015க்குள் 0.7ஐ எட்டுவதாக 2005இல் ஒப்புக்கொண்டன. பிரிட்டன் 2015இல் சட்டமே இயற்றியது. அதன் பிறகு இந்த வாதம் நிற்காது.

இரண்டாம் காரணமே கூர்ந்து நோக்கத்தக்கது. எண்ணின் பிறப்பு பற்றிய அந்த வரலாறு பெரும்பாலும் சரியே. தவறு, 43ஆம் பத்தியைத் தனியே பிய்த்துப் படிப்பதில் இருக்கிறது. அதே தீர்மானம் ஆண்டுக்கு 6 விழுக்காடு பொருளாதார வளர்ச்சியைக் கோருகிறது. குழந்தைகளின் நலனையும் தன் நோக்கங்களுள் ஒன்றாக வைக்கிறது. 43ஆம் பத்தி இந்நோக்கங்கள் அனைத்துக்குமான வழிவகை. மூலதனக் கணக்கு அவற்றுள் ஒன்றை மட்டுமே அளக்கிறது.

இவ்வேறுபாடு சிறிதன்று. மூலதன உதவி, நாடு தன் சேமிப்பில் நிற்கத் தொடங்கியதும் குறையும். குழந்தைக்கான செலவோ ஒவ்வோர் ஆண்டும் பிறப்போடு புதிதாக எழுகிறது. தட்டம்மைத் தடுப்பூசியைக் கிடங்கு முதல் கிராமம் வரை குளிரில் வைத்தே கொண்டுசெல்ல வேண்டும். பொடியைக் கரைத்த குப்பியை ஆறு மணி நேரத்துக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. எஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். ஐஸ் பெட்டி, எரிபொருள், செவிலியர் சம்பளம், வீணாகும் மருந்து ஆகிய எதுவும் மூலதனமாகச் சேர்வதில்லை. ஆயினும் குழந்தை பிழைப்பது இவற்றால்தான்.

ஐந்து வயதுக்குட்பட்டோரின் இறப்பு 1990இல் ஏறத்தாழ 1.3 கோடி, 2022இல் 49 லட்சம். இதில் வெளிநாட்டு உதவியின் பங்கைத் துல்லியமாகப் பிரிப்பது கடினம். எனினும் 2000இல் தொடங்கிய தடுப்பூசிக் கூட்டணியான கவி, பெரும்பாலும் அரசுகளின் நிதியில் இயங்குவது என்பதை மறக்கலாகாது. உதவிப் பணம் ஊழலில் கரைகிறது என்ற எதிர்ப்பு, உதவியின் வழியைத் திருத்தச் சொல்கிறதே தவிர அளவைக் குறைக்கச் சொல்லவில்லை.

நடப்பு வேறு திசையில் செல்கிறது. பிரிட்டன் 2021இல் 0.5ஆகக் குறைத்தது, 2027இல் 0.3ஆக்குவதாக 2025இல் அறிவித்தது. 2022இல் அதன் உதவிக் கணக்கில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல், தன் நாட்டுக்குள்ளேயே அகதிகளுக்குச் செலவானது. அச்செலவு தேவையானதே, ஆனால் அதை வறிய நாட்டுக் குழந்தைகளின் பங்கிலிருந்து எடுப்பது முறையன்று. 0.7ஐத் திருத்துவதானால், உள்நாட்டுச் செலவை விலக்கிவிட்டு மேல்நோக்கியே திருத்த வேண்டும்.